டான்சில் ஆபரேஷன்: ஆறாம் நாளை மனதில் வையுங்கள்

கேள்வி இது: "என் மகளுக்கு 7 வயது. போன வருஷம் மட்டும் ஐந்தாறு தடவை தொண்டை வலி, காய்ச்சல். ராத்திரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாள். டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று மாமியார் வேண்டாம் என்கிறார். ஆபரேஷன் அன்றும் அதற்கு அப்புறமும் என்னதான் நடக்கும்?"

நான் டாக்டர் இல்லை. காது மூக்கு தொண்டை வார்டில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். என் பையனுக்கும் எட்டு வயதில் டான்சில் எடுத்தோம். வார்டில் ஒரு நாள் பார்த்து அனுப்பிவிடுவது வேறு, அதே பிள்ளையை வீட்டில் பத்து நாள் வைத்துப் பார்ப்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. தியேட்டருக்குள் நடப்பது அரை மணி, முக்கால் மணி. உங்களுக்கு வேலை அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிறைய பேர் டான்சிலை உள்நாக்கு என்கிறார்கள். உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சின்ன நுனி. அதை யாரும் எடுக்கப் போவதில்லை. அதற்கு இரண்டு பக்கமும், மடிப்புக்குள் பாதாம் பருப்பு மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் டான்சில். அடினாய்டு வாயைத் திறந்தால் தெரியாது. மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருக்கும். மூக்குச் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்வார்களே, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இதுதான். உங்கள் மகள் வாயால் மூச்சு விடுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

சரி, எடுக்கத்தான் வேண்டுமா? டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தொண்டை வலிக்காக எடுக்கிறீர்களா, குறட்டைக்காகவா?" இரண்டுக்கும் கணக்கு வேறு. தொண்டை வலிக்காக என்றால் பல நாடுகளில் டாக்டர்கள் பார்ப்பது, ஒரு வருஷத்தில் 7 தடவை, அல்லது 2 வருஷமாக வருஷத்துக்கு 5 தடவை, அல்லது 3 வருஷமாக வருஷத்துக்கு 3 தடவை வந்திருக்கிறதா என்பது. அதுவும் சும்மா தொண்டை கரகரப்பெல்லாம் கணக்கில் வராது. 101 டிகிரி காய்ச்சல், டான்சில் மேல் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி கட்டுவது என்று ஏதாவது கூட இருந்து, டாக்டர் பார்த்து எழுதி வைத்த தடவைகள்தான் கணக்கு. ஒரே வருஷத்தில் ஐந்தாறு தடவை என்பது இந்த எல்லைக்குக் கீழேதான் வருகிறது. அதற்காக மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் தயங்காமல் பேசலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1934-ல் நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை டாக்டர்கள் பார்த்து, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பினால், அதில் 99 பேருக்கு எடுக்கணும் என்றார்கள். அதிலும் மிஞ்சிய 116 பேரை இன்னொரு குழு பார்த்து 51 பேரைப் பிடித்தது. கடைசியில் ஆயிரம் பேரில் தப்பித்தது 65 பேர். பெரிதாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால்தான் எண்ணிக்கை கேட்கிறார்கள்.

குறட்டை விஷயம் அப்படி இல்லை. ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று சில விநாடி சத்தமே இல்லாமல் நின்று, அப்புறம் திணறி மூச்சை இழுக்கிறாளா? கழுத்தை அண்ணாந்து வைத்துத் தூங்குகிறாளா? நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பது மறுபடி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் எரிந்து விழுகிறாளா? இருந்தால் போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நாம் வாயால் சொல்வதைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும். 2013-ல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரை தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்த 464 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஏழு மாதத்தில், ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்க மூச்சு சரியாகிவிட்டது. செய்யாமல் காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆக, ஆபரேஷனுக்கு நல்ல பலன் இருக்கிறது. லேசான தொல்லை என்றால் காத்திருப்பதிலும் தப்பில்லை. மூச்சு நிற்கிற அளவுக்கு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

செய்வது என்று முடிவாகிவிட்டால், முன்னால் கவனிக்க வேண்டியது சில. ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் சோதனை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியவை இவை: அடி பட்டாலோ பல் பிடுங்கினாலோ ரத்தம் நிற்காமல் போனவர்கள் குடும்பத்தில் உண்டா, மகளுக்கு இப்போது சளி, இருமல், காய்ச்சல் இருக்கிறதா (இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார்கள், அது உங்கள் நல்லதுக்குத்தான்), அப்புறம், ஆடுகிற பல் இருக்கிறதா. சிரிக்காதீர்கள். ஏழு வயதில் எல்லாருக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டுதான் இருக்கும். வாய்க்குள் கருவி வைத்துத் திறக்கும்போது அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது.

வெறும் வயிறு விஷயத்தில் வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடுங்கள். பொதுவாகச் சாப்பாடும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்கிற நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஒரு பையனைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வாயோரம் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். "பச்சப்புள்ள பசி தாங்குமா" என்று ஆச்சி கழிப்பறைக்குக் கூட்டிப்போகிற சாக்கில் இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஆபரேஷன் ரத்து. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

தியேட்டருக்குள் முழு மயக்கம்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாமே வாய் வழியாகத்தான் நடக்கும், கழுத்தில் கீறல் இருக்காது. பெரும்பாலும் தையலும் போட மாட்டார்கள். டான்சில் இருந்த குழி திறந்தபடியே இருந்து தானாக ஆறும். வழக்கமான கருவிகளால் எடுப்பது, மின்சூட்டால் எடுப்பது, கோப்ளேஷன் என்று 40 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடுப்பது என்று முறைகள் இருக்கின்றன. கோப்ளேஷனுக்குப் பில் ஏறும். வலி கொஞ்சம் குறையலாம். என்னைக் கேட்டால், எந்த முறை என்பதைவிட அந்த டாக்டர் கைக்குப் பழகின முறை எது என்பதுதான் முக்கியம்.

வெளியே வரும்போது உங்களுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்போம். எச்சிலில் ரத்தக் கோடு இருக்கும். பாதி மயக்கத்தில் உங்களையே அடையாளம் தெரியாத மாதிரி உதைத்து அழலாம். அது மருந்து தெளிகிற வேகம், அரை மணியில் அடங்கிவிடும். ஒரு தடவை கருஞ்சிவப்பாக, காபி டிகாஷன் மாதிரி வாந்தி எடுக்கலாம். ஆபரேஷனின்போது விழுங்கிய பழைய ரத்தம் அது. பளிச்சென்ற சிவப்பாக வந்தால் மட்டும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் கொடுக்கச் சொல்வோம். முதல் வாய்க்கு முகம் சுளிப்பாள். இரண்டாவது வாய் கொஞ்சம் எளிதாக இறங்கும். பெரும்பாலும் ஒரு ராத்திரி தங்க வைத்து மறுநாள் அனுப்புவார்கள்.

இனி வீடு. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு நாள் பிள்ளை ஓரளவு நன்றாகவே இருக்கும். "இவ்வளவுதானா, வீணாகப் பயந்தோமே" என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவீர்கள். மூன்றாம் நாள் வலி ஏறும். ஐந்து, ஆறு, ஏழாம் நாள் வரைக்கும் காலையில் எழும்போது தொண்டை வறண்டு, எச்சில் விழுங்கவே அழுவாள். அப்போது "ஏதோ தப்பாகிவிட்டது" என்று தோன்றும். தப்பாகவில்லை. அது போகிற வழியே அப்படித்தான்.

காது வலிக்கிறது என்பாள். காதில் ஒன்றும் இருக்காது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் தொண்டை வலி காதில் தெரியும். காதில் சொட்டு மருந்தோ எண்ணெயோ விட வேண்டாம்.

வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாக, மஞ்சளாகத் தடித்த படலம் இருக்கும். சீழ் வைத்துவிட்டது என்று பதறி ராத்திரி பத்து மணிக்கு எங்களைக் கூப்பிடாத பெற்றோரே இல்லை. முழங்காலில் அடி பட்டால் பொருக்குக் கட்டுமே, ஈரமான இடத்தில் கட்டுகிற பொருக்கு வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். வாயில் கெட்ட வாடை வரும். பல் தேய்க்கலாம், தேய்க்க வேண்டும். அந்தப் படலத்தை மட்டும் துணியாலோ விரலாலோ துடைத்து எடுத்துவிடாதீர்கள். குரல் கொஞ்ச நாள் மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். வீக்கம் வடிகிற வரை குறட்டையும் தொடரலாம்.

வலி மருந்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். அழுதால் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் செய்த தப்பையே சொல்கிறேன். நான்காம் நாள் ராத்திரி பத்து மணி மருந்துக்கு எழுப்பினால் பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து எச்சிலைத் துண்டில் வடியவிட்டுக்கொண்டு அழுதான். விழுங்க முடியவில்லை. மருந்தே உள்ளே இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன நர்ஸ், ஸ்பூனில் மருந்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கெஞ்சினேன். அதற்கு அப்புறம் அலாரம் வைத்தேன்.

பாராசிட்டமால்தான் அடிப்படை. எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பது வழக்கமான கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். ஆனால் பாட்டிலைப் பாருங்கள். 5 மில்லியில் 120 இருக்கிற சிரப்பும் உண்டு, 250 இருக்கிறதும் உண்டு. எத்தனை மில்லி என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கூட இபுப்ரோஃபென் கொடுக்கச் சொன்னால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கோடீன் கலந்த மருந்தும் குழந்தைகளுக்குக் கூடாது. சில குழந்தைகளின் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சை அடக்கிவிடுகிறது என்பதால் 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று கடுமையாக எச்சரித்துவிட்டது. வீட்டில் பழைய இருமல் சிரப் இருந்தால் அதை எடுத்து ஊற்றாதீர்கள்.

சாப்பாட்டில் இரண்டு கட்சி இருக்கும். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று ஆசை காட்டியே ஆபரேஷனுக்குக் கூட்டி வந்திருப்பீர்கள். மாமியார், "அறுத்த இடத்தில் குளிர்ச்சியா, சளி பிடிக்கும்" என்பார். இந்த விஷயத்தில் பிள்ளை பக்கம்தான் நான். குளிர்ச்சி வலியைக் குறைக்கும், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் உண்மையான மருந்து ஐஸ்கிரீம் இல்லை, விழுங்குவதுதான். விழுங்க விழுங்கத் தசை இறுகாமல் இருக்கும், புண் சுத்தமாக இருக்கும். வலிக்கிறதே என்று குடிக்காமல் விட்டால் தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து டிரிப் ஏற்றிக்கொள்கிற பிள்ளைகளில் பலர் இப்படிக் குடிக்காமல் வாடினவர்கள்தான். மருந்து கொடுத்து அரை மணி கழித்து, வலி அடங்கியிருக்கும்போது சாப்பாட்டை வையுங்கள். இளநீர், மோர், ஆறின கஞ்சி, குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறின இட்லி, ரசம் என்றால் மிளகும் புளியும் குறைத்தது. முடிந்தால் வழக்கமான சாப்பாட்டுக்கே சீக்கிரம் வந்துவிடலாம். முறுக்கு, சிப்ஸ், மொறுமொறு தோசை, ஊறுகாய், ஆரஞ்சு ஜூஸ், ஆவி பறக்கும் காபி மட்டும் இரண்டு வாரம் வேண்டாம். ரோஸ்மில்க், பீட்ரூட், மாதுளை மாதிரி சிவப்பாக எதையும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் அது ரத்தமா ரோஸ்மில்க்கா என்று தெரியாமல் நீங்கள் பதற வேண்டியிருக்கும். ஒழுங்காகக் குடிக்கிறாளா என்று தெரிய, எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று எண்ணுங்கள்.

இப்போது ஆறாம் நாள். ஐந்திலிருந்து பத்து நாளைக்குள் அந்த வெள்ளைப் பொருக்கு உதிரும். உதிரும்போது அடியில் இருக்கிற ரத்தக்குழாய் திறந்துகொண்டால் ரத்தம் வரலாம். எல்லாருக்கும் வராது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. பகலில் என்றால் துப்பும்போது தெரிந்துவிடும். தூக்கத்தில் தெரியாது, பிள்ளை ரத்தத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். தூங்குகிற பிள்ளை அடிக்கடி விழுங்கினால் எழுப்பி, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். புது ரத்தம் தெரிந்தால் நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்துத் துப்பச் சொல்லி, உடனே கிளம்புங்கள். சாப்பிட ஒன்றும் கொடுக்க வேண்டாம், மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம். வழியில் நின்றுவிட்டாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். நின்ற ரத்தம் மறுபடி வருவது உண்டு.

அதனால்தான் இரண்டு வாரம் ஊருக்குப் போகாதீர்கள் என்கிறோம். ஏழாம் நாள், பிள்ளை தேறிவிட்டான் என்று குலதெய்வம் கோயில் கொடைக்குக் கூட்டிப்போனது ஒரு குடும்பம். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தம். கிராமத்திலிருந்து கார் பிடித்து இரண்டே கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் இருந்த துண்டு முழுக்கச் சிவப்பு. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வெளுத்துப்போய் வந்தான். ஆஸ்பத்திரி தூரம் என்றால் இந்தப் பதினைந்து நாளைக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. ஸ்கூலுக்கும் அது வரைக்கும் லீவு. ஓட்டம், நீச்சல், சைக்கிள் எல்லாம் அப்புறம்.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். டான்சில் எதிர்ப்புச் சக்தி வேலை பார்க்கிற சதைதான், அவர் சொல்வது வெறும் மூடநம்பிக்கை இல்லை. ஆனால் தொண்டையைச் சுற்றி அதே மாதிரி சதை வேறு இடங்களிலும் இருக்கிறது, நாக்கின் அடிப்பகுதியில்கூட. உடம்பு முழுக்க நிணநீர் முடிச்சுகளும் இருக்கின்றன. எடுத்த பிள்ளைகள் நோயாளிகளாக ஆகிவிடுவதில்லை. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. சின்ன வயதில் எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மூக்கு, தொண்டை மாதிரி மேல் சுவாசப் பாதைத் தொல்லைகள் இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்றது. எடுத்ததால் வந்ததா, ஏற்கெனவே அப்படிப்பட்ட உடம்பு என்பதால்தான் எடுக்க வேண்டி வந்ததா என்று அந்தப் பதிவுகளை வைத்துப் பிரிக்க முடியாது. தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்பதற்கு அது நல்ல காரணம். மூச்சு அடைக்கிற பிள்ளைக்கு எடுக்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. மாமியாரிடம் அந்த வீடியோவையே காட்டுங்கள்.

பெரியவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை: உங்களுக்கு வலி இதைவிட அதிகம். இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பிரிட்டனில் 453 பேரை வைத்துச் செய்து 2023-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருஷத்தில் தொண்டை வலித்த நாட்களின் இடைநிலை (எல்லாரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு), எடுத்தவர்களுக்கு 23, எடுக்காதவர்களுக்கு 30. எடுத்தவர்களின் 23 நாளில் ஆபரேஷன் வலியும் சேர்த்தி. லாபம்தான், ஆனால் அதிசயம் இல்லை. ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் அது வேறு விஷயம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

குறட்டை எப்போது நிற்கும் என்று கேட்பீர்கள். என் பையனுக்கு மூன்றாவது வாரம் நின்றது. மூன்று வருஷமாக அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகின நான், ராத்திரி திடுக்கிட்டு எழுந்து, மூச்சு வருகிறதா என்று அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.